வாங்கிய பாட்டு யாருடையது? டிஜிட்டல் இசையின் பூட்டுகளை அறிய ஒரு வழிகாட்டி

பழைய கணினியில் வைத்திருந்த 41 பாடல்களைப் புதிய கணினிக்கு மாற்றினேன். எல்லாமே காசு கொடுத்து வாங்கியவை. ஒரு கோப்புகூட விடுபடாமல் வந்து சேர்ந்தது; பாட்டின் பெயர், ஆல்பத்தின் பெயர், அட்டைப்படம் எல்லாம் அப்படியே இருந்தன. முதல் பாட்டைச் சொடுக்கினேன். இசை வரவில்லை. சிறிய பெட்டி ஒன்று திறந்து, இந்தக் கோப்பை இயக்க உரிமம் வேண்டும், அதைப் பெற இணையத்தில் இணையுங்கள் என்றது. இணைந்து பார்த்தேன். உரிமம் தர வேண்டிய கடை அதற்குள் மூடப்பட்டிருந்தது. 41 பாடல்களும் இன்னமும் என்னிடம் இருக்கின்றன, ஒன்றுகூடப் பாடாது.

அந்த இழப்பு வேறு யாருக்கும் வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இப்போதுதான் முதல்முறையாக டிஜிட்டல் இசை வாங்கப் போகிறீர்கள் என்றால், இரண்டு விஷயங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் வாங்குவது கோப்பையா அல்லது கேட்பதற்கான அனுமதியையா என்று பாருங்கள். கோப்பு என்றால், வாங்கிய அன்றைக்கே அதை உங்கள் சொந்த வட்டில் இறக்கி வையுங்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

பூட்டு எங்கே இருக்கிறது?

நகல் பாதுகாப்பு, அல்லது டிஆர்எம் என்று சொல்லப்படுவதன் அடிப்படை மிகவும் எளிது. பாட்டுக் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி கோப்போடு சேர்ந்து வராது. கணினியின் ஓரிடத்திலோ, உங்கள் கணக்கிலோ, கடையின் சர்வரிலோ அது தனியாக இருக்கும். நீங்கள் பாட்டைச் சொடுக்கும்போது, இயக்கும் மென்பொருள் முதலில் சாவியைத் தேடும். கிடைத்தால் பாடும், கிடைக்காவிட்டால் பாடாது. எத்தனை கணினிகள், எத்தனை முறை சிடியில் பதியலாம், எந்தக் கருவியில் கேட்கலாம் என்ற கட்டுப்பாடுகள் எல்லாம், சாவி யாருக்கு எப்போது கொடுக்கப்படுகிறது என்பதிலிருந்து பிறப்பவை. என் 41 பாடல்களில் கோப்புகளைப் பத்திரமாகக் காப்பாற்றினேன். சாவிகள் பழைய கணினியின் இயங்குதளத்தோடு போய்விட்டன.

இந்த எண்ணம் இணையத்தோடு பிறந்ததும் அல்ல. மினிடிஸ்க், டிஏடி நாடா ஆகிய டிஜிட்டல் ஒலிப்பதிவுச் சாதனங்கள் வந்த காலத்திலேயே, மூலத்திலிருந்து டிஜிட்டல் நகல் எடுக்கலாம், அந்த நகலிலிருந்து மறு நகல் எடுக்க முடியாது என்று கருவிகளுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருந்தது.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையை எடுத்துக்கொண்டால் இந்தக் கட்டுப்பாடுகளின் போக்கு தெளிவாகப் புரியும். 2003 ஏப்ரல் 28 அன்று அது திறந்தபோது, ஒரு பாட்டு 99 சென்ட். கோப்பு 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில், ஃபேர்பிளே என்ற பூட்டோடு வந்தது. மூன்று கணினிகளில் இயக்கலாம். ஒரே பாடல் பட்டியலைப் பத்து முறை வரை சிடியில் பதியலாம். மறு ஆண்டு விதி மாறியது. கணினிகள் ஐந்தாக உயர்ந்தன, பதியும் எண்ணிக்கை ஏழாகக் குறைந்தது. பாட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கும் கடைக்காரர் விதியை மாற்றலாம் என்பதை இங்கே கவனியுங்கள். அலமாரியில் இருக்கும் இசைத்தட்டுக்கு இப்படி ஒன்று நடக்கவே முடியாது.

கருவிப் பிரச்சினை இதைவிடக் கடுமையாக இருந்தது. ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டு, கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் ஐபாடில் மட்டுமே பாடும். மைக்ரோசாஃப்ட் 2004-ல் பிளேஸ்ஃபார்ஷூர் என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த முத்திரை உள்ள கடையில் வாங்கிய பாட்டு, அதே முத்திரை உள்ள கருவியில் பாடும் என்பது ஏற்பாடு. 2006-ல் அதே நிறுவனம் வெளியிட்ட சூன் கருவியில் அந்தப் பாடல்கள் பாடவில்லை. 2008-ல், மூடப்பட்டுவிட்ட எம்எஸ்என் மியூசிக் கடையின் உரிம சர்வர்களை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் எதிர்த்த பிறகு அந்தக் கெடு 2011 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. அதே 2008-ல் யாஹூ தன் இசைக் கடையின் சாவி சர்வர்களை மூடியபோது, வாங்கியவர்களுக்கு ஈடு தர முன்வந்தது. ஈடு கிடைப்பதெல்லாம் நிறுவனத்தின் மனதைப் பொறுத்தது; அதை நம்பி இசை வாங்க முடியாது.

நிலைமை எப்படி மாறியது?

2007 பிப்ரவரியில் ஆப்பிளின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். பூட்டு வேண்டும் என்பது பெரிய இசை நிறுவனங்களின் நிபந்தனை, அவர்கள் விட்டுக்கொடுத்தால் ஆப்பிள் பூட்டில்லாமல் விற்கத் தயார் என்பது அதன் சாரம். மே மாத இறுதியில் ஈஎம்ஐ என்ற இசை நிறுவனத்தின் பாடல்கள் பூட்டில்லாமல், 256 கேபிபிஎஸ் தரத்தில் ஐடியூன்ஸில் வந்தன. செப்டம்பரில் அமேசான் பூட்டில்லா எம்பி3 கடையைத் திறந்தது. 2009 ஜனவரியில், தன் கடையின் எல்லாப் பாடல்களும் பூட்டில்லாமல் வரும் என்று ஆப்பிள் அறிவித்தது.

ஆகவே இன்று பெயர்பெற்ற கடைகளில் ஒரு பாட்டைக் கோப்பாக விலைகொடுத்து வாங்கினால், அநேகமாக அதில் பூட்டு இருக்காது. இது நல்ல செய்தி, கேட்பவர்கள் விடாமல் கேட்டுக் கேட்டுப் பெற்றது. ஆனால் பூட்டு ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அது ஸ்ட்ரீமிங் சேவைகளுக்குள், அதாவது சந்தா கட்டி இணையம் வழியே பாட்டுக் கேட்கும் சேவைகளுக்குள், குடியேறிவிட்டது.

முதல் படி: வாங்குகிறீர்களா, வாடகைக்கு எடுக்கிறீர்களா?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ‘பதிவிறக்கு’ என்ற சொல்லில்தான். ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களுக்குப் பயன்படுகிறது. கடையில் பாட்டை வாங்கிப் பதிவிறக்கினால், பெயர் சொல்லக்கூடிய ஒரு கோப்பு உங்கள் கோப்புறைக்கு வரும். அதைப் பென் டிரைவில் போடலாம், வேறு எந்த மென்பொருளிலும் திறக்கலாம். மாதச் சந்தா சேவையில் பதிவிறக்கினால், மறையாக்கம் செய்த தரவு அந்தச் செயலிக்குள் மட்டும் சேமிக்கப்படும். வெளியே எடுக்க முடியாது. எடுத்தாலும் பாடாது.

ஸ்பாட்டிஃபையின் விதி ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சந்தாதாரர் ஐந்து கருவிகள் வரை, கருவிக்கு 10,000 பாடல்கள் வரை இறக்கி வைக்கலாம். ஆனால் 30 நாட்களுக்கு ஒருமுறையாவது அந்தக் கருவி இணையத்தோடு இணைய வேண்டும். இல்லையென்றால் இறக்கி வைத்தவை போய்விடும். சந்தா நின்றாலும் அதே கதிதான். நீண்ட கடற்பயணமோ, இணையம் எட்டாத இடத்தில் வேலையோ உள்ளவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கும் பாடல்களும் பூட்டியவைதான். ஒரே செயலியில், ஒரே பட்டியலில், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாட்டும் சந்தாவில் இறக்கிய பாட்டும் அடுத்தடுத்து நிற்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. சந்தாவை நிறுத்தும் நாளில்தான் தெரியும்.

சந்தா தவறு என்று சொல்லவில்லை. புதிய இசையைத் தேடிக் கேட்க அதைவிட வசதியான வழி இல்லை. அது வாடகை என்று தெரிந்து கட்டுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கடையின் பக்கத்தில் முதலில் கோப்பு வடிவத்தைத் தேடுங்கள். எம்பி3, ஏஏசி, ஃபிளாக், வேவ் போன்ற ஒலிக்கோப்பு வடிவத்தின் பெயர் வெளிப்படையாக எழுதியிருந்தால் நம்பிக்கையோடு மேலே போகலாம். பேண்ட்கேம்ப் போன்ற கடைகள், எந்த வடிவத்தில் வேண்டும் என்று வாங்கிய பின்னும் தேர்ந்தெடுக்க விடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. வடிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் ‘எங்கள் செயலியில் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று மட்டும் இருந்தால், அங்கே கிடைப்பது அனுமதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மறு பதிவிறக்கம். வாங்கிய பாட்டை மீண்டும் இறக்கலாமா, எத்தனை முறை, எவ்வளவு காலம் என்று பாருங்கள். இசை நிறுவனத்துக்கும் கடைக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்து ஆல்பம் கடையிலிருந்து விலகினால், மறு பதிவிறக்கமும் நின்றுபோக வாய்ப்புண்டு. வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்து கணக்கின் நாட்டை மாற்றினாலும், முன்பு வாங்கியவற்றைத் திரும்ப இறக்க முடியாமல் போகலாம். நாட்டை மாற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்வது நல்லது.

‘வாங்கு’ என்ற பொத்தானின் பொருள் குறித்து ஒரு சட்டமே வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், விற்பது உரிமம் மட்டும்தான் என்றால், அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்து, இணையமின்றிப் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கோப்புக்கும் அனுமதிக்கும் இடையில் நான் போடும் கோட்டைத்தான் அந்தச் சட்டமும் போடுகிறது.

பூட்டு இல்லாவிட்டாலும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிடியைக் கேட்டு முடித்துப் பழைய பொருளாக விற்கலாம். டிஜிட்டல் கோப்பை அப்படி விற்க முடியாது என்று, ரீடிஜி என்ற மறுவிற்பனைத் தளம் தொடர்பான வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. ஐடியூன்ஸில் 2007-ல் வந்த பூட்டில்லாப் பாடல்களுக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுதப்பட்டிருந்தன. நீங்கள் வாங்கிய கோப்பு ஊரெல்லாம் சுற்றினால், உங்கள் பெயரும் அதோடு சுற்றும்.

மூன்றாம் படி: கோப்பை அருகில் வைத்துப் பாருங்கள்

வாங்கிய அன்றே இறக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கோப்பின் பெயருக்குப் பின்னால், புள்ளியை அடுத்து வரும் எழுத்துகளைப் பாருங்கள். ஆப்பிள் உலகில் எம்4ஏ (m4a) என்று முடிந்தால் பூட்டில்லாத கோப்பு; எம்4பி (m4p) என்று முடிந்தால் பூட்டியது. ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஐடியூன்ஸிலோ ஆப்பிளின் இசைச் செயலியிலோ பாட்டின் தகவலைத் திறந்து, கோப்புப் பகுதியில் ‘வகை’ என்ற வரியைப் படித்தால் இன்னும் தெளிவாக இருக்கும். ‘வாங்கப்பட்ட ஏஏசி’ என்ற பொருளில் எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. ‘பாதுகாக்கப்பட்ட ஏஏசி’ என்றிருந்தால் அதுதான் பூட்டு. விண்டோஸ் மீடியாவின் டபிள்யூஎம்ஏ கோப்புகளில் இந்த வசதி இல்லை. பூட்டியதும் பூட்டாததும் ஒரே முடிவெழுத்துகளோடுதான் இருக்கும். என்னை ஏமாற்றியதும் அதுதான். கோப்பின் பண்புகளைத் திறந்து, பாதுகாக்கப்பட்டதா என்று காட்டும் வரியைத் தேடிப் படிக்க வேண்டும். எம்பி3, ஃபிளாக் இரண்டிலும் கடைகள் விற்பவை பொதுவாகப் பூட்டில்லாதவை.

வரியைப் படிப்பதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. கோப்பைப் பென் டிரைவில் போட்டு, உங்கள் கணக்கு இல்லாத வேறொரு கணினிக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். கடையோடு தொடர்பே இல்லாத ஒரு மென்பொருளில், விஎல்சி போன்ற ஒன்றில், திறங்கள். பாடினால் அது உங்களுடையது. புதிய கடையில் வாங்கும்போது முதலில் ஒரே ஒரு பாட்டை வாங்கி இந்தச் சோதனையைச் செய்து பார்த்த பிறகுதான் நான் மேற்கொண்டு வாங்குகிறேன்.

நான்காம் படி: கருவிகளின் கணக்கு

கணினிக்கு அனுமதி தேவைப்படும் சேவைகளில், பழைய கணினியை விற்கும் முன்போ இயங்குதளத்தை அழித்து நிறுவும் முன்போ அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள். ஆப்பிள் கணக்கில் ஐந்து கணினிகள்வரை அனுமதிக்கலாம். கெட்டுப்போன கணினியும் அந்த ஐந்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எல்லாக் கணினிகளின் அனுமதியையும் ஒரே அடியாக நீக்கும் வழி இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான். இதுபோக, வாங்கியவற்றை மீண்டும் இறக்க ஒரு கணக்கோடு பத்துக் கருவிகள்வரை இணைக்கலாம். ஒரு கணக்கோடு இணைத்த கருவியை வேறு கணக்குக்கு மாற்ற 90 நாட்கள் காத்திருக்க வேண்டும். வீட்டில் இருவர் ஒரே மடிக்கணினியில் மாறி மாறித் தங்கள் கணக்குகளை நுழைக்கும்போது இந்த 90 நாள் விதியில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு கணக்கு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பழைய பூட்டிய பாடல்கள் இருந்தால்

2009-க்கு முன் வாங்கிய பாடல்கள் உங்களிடமோ பெற்றோரின் கணினியிலோ இருக்கலாம். முதலில், அவை இன்னும் பாடுகிற கணினி எது என்று கண்டுபிடியுங்கள். அந்தக் கணினியை மாற்றவோ அழிக்கவோ கூடாது. சாவி அங்கேதான் இருக்கிறது.

ஐடியூன்ஸ் பாடல்கள் என்றால், ஐடியூன்ஸ் மேட்ச் என்ற ஆண்டுச் சந்தா ஒரு நேர்மையான வழி. கடையில் இன்னும் இருக்கும் பாடல்களோடு உங்கள் தொகுப்பை அது ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தியவற்றை 256 கேபிபிஎஸ் ஏஏசி கோப்புகளாக, பூட்டில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இறக்கியவை சந்தா முடிந்த பின்னும் பாடும். பழைய கோப்பை அழிக்கும் முன் புதியது வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, கடையே அனுமதித்த சிடிப் பதிவு. பாடல்களை ஆடியோ சிடியாக எழுதி, பின் அந்தச் சிடியிலிருந்து கோப்பாகத் திரும்ப எடுப்பது. சாதாரண ஆடியோ சிடியில் மறையாக்கம் கிடையாது என்பதால் பூட்டு அங்கேயே நின்றுவிடும். திரும்ப எடுக்கும்போது எம்பி3 ஆக்காமல் ஃபிளாக் ஆக எடுங்கள். 128 கேபிபிஎஸ் கோப்பில் ஏற்கெனவே ஒலியின் ஒரு பகுதி கழிந்துபோயிருக்கிறது. எம்பி3 ஆக்கினால் மிச்சத்திலும் ஒரு பகுதி கழியும். தாளக்கருவிகளின் கூர்மையிலும் கைதட்டல் ஒலியிலும் இந்தத் தேய்மானம் முதலில் காதில் படும். ஃபிளாக் எதையும் கழிக்காது, போனதைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யாது.

பூட்டை உடைத்துத் தரும் மென்பொருள்கள் பற்றிக் கேட்பீர்கள். 1996-ன் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பதிப்புரிமை ஒப்பந்தமும், அதையொட்டி அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டமும், பின்னர் பல நாடுகளின் சட்டங்களும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே தனியாகத் தடுக்கின்றன. சொந்தக் காசில் வாங்கிய பாட்டுக்குக்கூட இது பொருந்தலாம். உங்கள் நாட்டின் சட்டத்தைப் படியுங்கள். அப்படிப்பட்ட மென்பொருள் ஒன்றை முகம் தெரியாத தளத்திலிருந்து இறக்குவது கணினிக்கும் ஆபத்து என்பது என் கருத்து.

பழைய சிடிகளிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2005-ல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில சிடிகளை விண்டோஸ் கணினியில் போட்டு, அதிலிருந்த மென்பொருளை நிறுவ இசைந்தவர்களின் கணினியில், தன்னை மறைத்துக்கொள்ளும் பூட்டு மென்பொருள் ஒன்று உட்கார்ந்துகொண்டது. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் அதை வெளிப்படுத்தினார். நிறுவனம் அந்தச் சிடிகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் பழைய பொருள் சந்தையில் அவை இன்னும் சுற்றலாம். சிடியைப் போடும் முன் தானாக இயங்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

ஆறாம் படி: காப்பு நகல்

பூட்டில்லாத கோப்புக்கு நீங்கள்தான் காவல். நான்கு நிமிடப் பாட்டு 256 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய 7.7 எம்பி வரும். ஆயிரம் பாடல்கள் 8 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரு சிறிய பென் டிரைவ் போதும். ஃபிளாக் என்றால் பல மடங்கு இடம் பிடிக்கும், அப்போது வெளி ஹார்டு டிஸ்க் தேவை. ஒரு நகல் கணினியில், ஒன்று வெளி வட்டில், இன்னொன்று வேறு இடத்தில் என்று மூன்றாக வையுங்கள். மேகச் சேமிப்பை மூன்றாவதாகக் கொள்ளலாம். கடையின் ‘நீங்கள் வாங்கியவை’ பட்டியலை இந்த மூன்றில் ஒன்றாக எண்ணாதீர்கள்.

ரசீது மின்னஞ்சல்களையும் அதே கோப்புறையில் சேமித்து வையுங்கள். கடை மூடும்போது ஈடு கேட்க அவைதான் சான்று. அந்த மின்னஞ்சல் முகவரியைக் கைவிடும் முன் கடைக் கணக்கில் புதிய முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வெளி வட்டைச் செருகி, ஏதாவது ஐந்து பாடல்களை இணையமில்லாமல் இயக்கிப் பாருங்கள். பட்டியலில் பெயர் தெரிந்தால் போதாது, ஒலி காதில் விழ வேண்டும். நான் டிசம்பரில் இதைச் செய்கிறேன். அரை மணி நேர வேலை, அதிலும் பாதி நேரம் பழைய பாட்டு ஒன்றில் மனம் நின்றுவிடும்.